ஓடா, மெட்ராஸ் டெரஸா, கான்கிரீட்டா: பழைய வீடு வாங்குமுன் எந்தக் கூரையை நம்பலாம்?

வீடு வாங்கப் போகிறவர்கள் தாய்ப்பத்திரம் பார்க்கிறார்கள், முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்கிறார்கள், வாசல் எந்தத் திசை என்று ஜோசியரையும் கேட்கிறார்கள். கூரை மட்டும் அவசரத்தில் தப்பிவிடுகிறது. கூடத்தில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மழைக்கு ஒழுகுமா?" என்று விற்பவரிடமே கேட்பார்கள். அவர் வேறென்ன பதில் சொல்லப்போகிறார்?

கும்பகோணம், மயிலாடுதுறை, காரைக்குடி பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு ஏறத்தாழ ஒரே விலையில் மூன்று விதக் கூரைகள் கண்ணில் படும். சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு, வேய்ந்த வீடு. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடு. 1980களிலோ 90களிலோ கட்டிய கான்கிரீட் வீடு. ஊரார் சொல்லும் வரிசை எல்லோருக்கும் தெரியும்: கான்கிரீட் முதல், டெரஸ் அடுத்து, ஓடு கடைசி. தரகரும் அந்த வரிசையில்தான் விலை சொல்வார்.

புதிதாகக் கட்டுவதானால் அந்த வரிசையோடு எனக்குச் சண்டை இல்லை. பழைய வீடு வாங்கும்போது அதை நான் ஏற்பதில்லை. கூரையில் உள்ள கோளாறு கண்ணுக்குத் தெரிகிறதா, தெரிந்தால் கெட்ட இடத்தை மட்டும் மாற்ற முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளை வைத்துப் பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. ஓட்டுக் கூரை எதையும் மறைக்காது. டெரஸ் பாதி மறைக்கும். கான்கிரீட், அதிலும் புதிதாக வெள்ளையடித்த கான்கிரீட், உள்ளே இருக்கும் துருவை ஆண்டுக்கணக்கில் வெளியே காட்டாமல் வைத்திருக்கும்.

ஓட்டிலிருந்து தொடங்கலாம். ஓட்டு வீட்டை நல்ல வெயிலில், நண்பகலில் பார்க்கப் போகவேண்டும். கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு விளக்கை அணைத்து மேலே பாருங்கள். உடைந்த ஓடு, நழுவிய ஓடு எல்லாம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். கீழே மரப்பலகை அடித்து மறைத்திருந்தால் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லலாம். நூறு சதுர அடிக் கூரைக்கு உத்தேசமாக 150 மங்களூர் ஓடு பிடிக்கும். அதில் பத்து உடைந்திருந்தால் பத்தை மாற்றினால் வேலை முடிந்தது. மாற்று ஓடு வாங்குமுன் பழைய ஓட்டில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஓட்டுச்சாலையின் பெயர் பொறித்திருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865இல் ஓட்டுச்சாலை தொடங்கிய பிறகு அதே மாதிரியில் பல ஓட்டுச்சாலைகள் வந்தன. ஒவ்வொன்றின் அளவும் பள்ளமும் சற்று மாறும். ஓர் ஓட்டுச்சாலையின் ஓட்டுப் பள்ளத்தில் இன்னோர் ஓட்டுச்சாலையின் ஓடு சரியாகப் பொருந்தாமல் அந்த இடைவெளியிலேயே தண்ணீர் இறங்கும். வீட்டின் கொல்லையில் பழைய ஓடு அடுக்கி வைத்திருந்தால், அதையும் சேர்த்துத் தரச் சொல்லிப் பேசிவிடுங்கள்.

இந்தக் கூரையில் பணத்தை விழுங்குவது ஓடு அல்ல, மரம். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று முகட்டைப் பாருங்கள். கோடு நேராக ஓடவேண்டும். நடுவில் தொய்ந்திருந்தால் முகட்டில் ஓடும் மோட்டுவளையோ, அதிலிருந்து சரிந்து சுவருக்கு இறங்கும் கைமரங்களோ பலவீனப்பட்டிருக்கின்றன. உள்ளே வந்து, கைமரம் சுவரின்மேல் உட்காரும் இடங்களை ஒவ்வொன்றாகத் திருப்புளியால் குத்திப் பார்க்கவேண்டும். சுவர் வழியாக ஏறும் கரையான் முதலில் தொடுவது அந்த இடத்தைத்தான். நல்ல மரத்தில் முனை இறங்காது. செல்லரித்ததில் ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கும். உளு விழுந்த மரத்திலிருந்து மாவுபோன்ற தூள் கொட்டும். வீடு காட்டும் நாளில் தரையைப் பெருக்கி வைத்திருப்பார்கள் என்பதால், நான் பார்ப்பது அலமாரியின் மேல்தட்டை. அங்கே யாரும் பெருக்குவதில்லை.

"ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று தரகர் மிகச் சாதாரணமாகச் சொல்வார். இந்தப் பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். நூறு சதுர அடிக்கு 150 ஓடு, ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ என்று வைத்தால் நானூறு கிலோவுக்குள்தான் வரும். மரத்தைச் சேர்த்தாலும் சற்று ஏறும், அவ்வளவுதான். அதே நூறு சதுர அடியில் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஏறத்தாழ மூன்று டன். மேலே செங்கல் ஜல்லியும் தட்டோடும் போட்டால் இன்னும் ஒன்றரை டன் கூடும். களிமண் சாந்தில் எழுப்பிய பழைய சுவர் இதைத் தாங்குமா என்று பொறியாளர் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல் சொல்லவே முடியாது. மாடி கட்டும் எண்ணத்தோடு ஓட்டு வீடு வாங்குகிறவர் உண்மையில் மனை வாங்குகிறார். விலையையும் மனைக்குத்தான் பேசவேண்டும்.

ஓட்டுக்கு எதிராகச் சொல்லவேண்டியதும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது ஓட்டு வீடுகளும் ஷீட் வீடுகளும் பட்ட பாட்டை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடலோரத்தில் வாங்கினால் கைமரம் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா, மோட்டு ஓடுகளைச் சாந்து வைத்து இறுக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பது கட்டாயம். குரங்கு வரும் ஊரானால் ஆண்டுதோறும் ஓடு மாற்றும் செலவு உண்டு. வடாம் காயப்போட மொட்டை மாடியும் கிடையாது.

அடுத்தது மெட்ராஸ் டெரஸ். எனக்கு மிகவும் பிடித்த கூரை இது. அதனாலேயே இதை வாங்குகிறவர்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். கீழிருந்து பார்த்தால் ஓரடி, ஒன்றரையடி இடைவெளியில் மரக்கட்டைகள் வரிசையாக ஓடும். அவற்றின்மேல் ஓர் அங்குலக் கனமே உள்ள சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். உச்சியில் தட்டோடு. சித்திரை வெயிலில் இதன் கீழே உட்கார்ந்தவர்களுக்குக் கான்கிரீட் வீட்டின் உச்சித்தளத்தில் படுக்க மனம் வராது.

இந்தக் கூரையின் முழுப் பாரமும் மரத்தில்தான். வாங்க வருகிறவர்கள் கட்டையின் நடுப்பகுதியைப் பார்த்து மயங்குகிறார்கள். வார்னிஷ் அடித்துப் பளபளவென்று இருக்கும். பர்மாத் தேக்கு நடுவில் அவ்வளவு சீக்கிரம் கெடாது. கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வெடிப்பு விட்டால் மழைநீர் சுவருக்குள் இறங்கும். காற்றுப் படாத அந்தப் பொந்தில் மரமுனை மாதக்கணக்கில் ஈரத்திலேயே கிடந்து மக்கும். வெளியே தெரியும் அடையாளங்கள் சின்னவை: கட்டை சுவருக்குள் நுழையும் இடத்துக்கு நேர்கீழே பூச்சு உப்பியிருக்கும், அல்லது அந்த ஓரடி மட்டும் சுண்ணாம்பு வேறு நிறமாக இருக்கும், அல்லது கட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு ஓடும். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கட்டையையும் சுவரை ஒட்டிய இடத்தில் தட்டிக் கேளுங்கள். கெட்டியான மரம் கணீரென்று பேசும். மக்கியது மொத்தென்று சத்தம் தரும். சில முனைகளுக்குக் கீழே இரும்பு கொடுத்து முட்டு வைத்திருந்தால் பயப்பட வேண்டாம். கோளாறைக் கவனித்து யாரோ ஒழுங்காகச் சரிசெய்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு மேலே ஏறவேண்டும். படிக்கட்டு முடிந்து மாடிக்குத் திறக்கும் கதவின் நிலைப்படியைப் பாருங்கள். கட்டிய நாளில் அது தளத்தைவிட நான்கைந்து அங்குலமாவது உயரமாக இருந்திருக்கும். இப்போது தளமும் நிலைப்படியும் ஒரே மட்டமாக இருந்தால், ஒழுகும்போதெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் சிமென்ட் தளம் போட்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். இது இரட்டைக் கேடு. கட்டைகள் தாங்க எண்ணாத பாரம் ஏறியிருக்கிறது. சுண்ணாம்புத் தளம் வெயிலில் வெளியேற்றவேண்டிய ஈரத்தைச் சிமென்ட் மூடி கீழ்நோக்கி, மரத்துக்கே அனுப்புகிறது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் அதன் வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றும் பாருங்கள். சின்டெக்ஸ் தொட்டி எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். அது சுவருக்கு நேர்மேலே நிற்கலாம், கட்டைகளின் நடுவில் நிற்கக்கூடாது.

டெரஸின் நல்ல குணம், கட்டைகளை ஒவ்வொன்றாக மாற்ற முடியும் என்பது. கீழே முட்டுக் கொடுத்து, கெட்டதை எடுத்து, புது மரமோ இரும்போ செருகலாம். குறை என்னவென்றால், இந்த வேலை தெரிந்த கொத்தனாரும் தச்சரும் ஊருக்கு ஊர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூரையைத் திறந்த பிறகுதான் செலவு தெரியும். ஆகவே முனைகள் உலர்ந்து, சிமென்ட் ஏறாமல் இருக்கும் டெரஸ் வீட்டைத் தயங்காமல் வாங்கலாம். முனைகளில் கால்வாசிக்குமேல் மக்கியிருந்தால் மனைக்கும் மரத்துக்கும் மட்டும் விலை வையுங்கள். மரத்துக்கு உண்மையிலேயே விலை உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளைச் சுற்றி வந்தால் இடித்த வீட்டின் தேக்கு எப்படிக் கைமாறுகிறது என்று தெரியும்.

இனிக் கான்கிரீட். முப்பது, நாற்பது வயதான கான்கிரீட் வீட்டில்தான் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சிமென்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பிக்குக் காப்பு. காற்றில் உள்ள கரியமில வாயு ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கான்கிரீட்டுக்குள் புகுந்து அந்தக் காரத்தைக் கரைக்கிறது. அது கம்பியை எட்டியதும் துரு பிடிக்கிறது. துரு, மூல இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து காரை காரையாக விழும். கடலோரக் காற்றின் உப்பும், கலவைக்கு ஊற்றிய உப்புத் தண்ணீரும் இதை இன்னும் விரைவுபடுத்தும். கம்பிக்கு அடியில் எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐஎஸ் 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு சாதாரணச் சூழலுக்கு 20 மில்லிமீட்டரும், கடலோரச் சூழலில் திறந்து கிடக்கும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டரும் கேட்கிறது. பல பழைய வீடுகளில் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைக்குப் பதிலாக ஒரு ஜல்லிக் கல்லைச் செருகியிருப்பார்கள். அது நகர்ந்துவிட்ட இடத்தில் கம்பி சென்ட்ரிங் தகட்டின் மேலேயே படுத்திருக்கும்.

கூடத்தின் விதானத்தை முதலில் பார்க்காதீர்கள். அது விற்பனைக்காகத் தயாரானது. வெளியே போய் ஜன்னல்களுக்கு மேலுள்ள சன்ஷேடுகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய கான்கிரீட், அலட்சியமாகப் போட்டது, மழையும் வெயிலும் நேராகப் படுவது. அதனால் வீட்டின் துரு முதலில் அங்கேதான் எட்டிப் பார்க்கும். அடுத்து மாடிப்படியின் அடிப்பக்கம், அதற்கடுத்துக் குளியலறையின் மேற்கூரை. இந்த மூன்றும் சுத்தமாக இருந்தால் கூடத்தை ஓரளவு நம்பலாம். சன்ஷேடில் கம்பி தெரிந்து, கூடத்தில் மட்டும் புது வெள்ளை மின்னினால் சந்தேகப்படுவது உங்கள் உரிமை.

கூடத்தில் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தாறுமாறாக ஓடும் மயிரிழை வெடிப்பு பெரும்பாலும் பூச்சோடு முடிந்துவிடும். ஐந்தாறு அங்குல இடைவெளியில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் கோடுகள் வேறு கதை. அவை கம்பியின் வழியே ஓடுகின்றன. பழுப்புக் கறையும் சேர்ந்திருந்தால் துரு உறுதி. ஒரு மூங்கில் கழியால் விதானத்தை அடிக்கு அடி தட்டிக்கொண்டே போனால், பிடிப்பு விட்ட இடத்தில் சத்தம் பொள்ளலாக மாறும். அதைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே போகலாம். அறையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் பொள்ளல் என்றால் நான் அந்த வீட்டைக் கூரை இல்லாத வீடாகவே கணக்கிடுவேன். இது விதிநூல் வரம்பு அல்ல, என் கைக்கணக்கு. ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் இரண்டு மூன்று இடத்தில் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த வீட்டைப் பார்க்கலாம்.

பொறியாளரை அழைத்தால் அவர் ஓரிடத்தில் சிறிது உடைத்து, புதிதாகத் திறந்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார். காரம் மிஞ்சியிருக்கும் கான்கிரீட் ரோஜா நிறமாக மாறும்; காரம் போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத பகுதி கம்பியைத் தாண்டி மேலே போயிருந்தால் அந்தக் கம்பிக்குக் காப்பு போய்விட்டது, இன்றைக்குத் துரு தெரியாவிட்டாலும். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. பழுதுபார்க்கும் வேலையை எடுக்கப் போகிற கொத்தனாரிடமோ ஒப்பந்தக்காரரிடமோ இந்தக் கருத்தைக் கேட்காதீர்கள்.

மொட்டை மாடியில் தூண்களின் தலையிலிருந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதை "மேலே ஒரு மாடி எழுப்பிக்கொள்ளலாம்" என்று ஒரு சலுகையாகவே காட்டுவார்கள். இருபது ஆண்டாக மழையில் நின்ற கம்பி அது. விரலால் சுரண்டினால் செதில் உதிரும். அதன் வேர் வழியாகத் தண்ணீர் தூணுக்குள் இறங்கியிருக்கலாம். அதை நம்பி மாடிக் கணக்குப் போடாதீர்கள்.

கான்கிரீட்டில் ஒட்டுப் போடலாம்: பொரிந்ததை உடைத்தெடுத்து, துருவைச் சுரண்டி, பாலிமர் சாந்து பூசுவார்கள். காரம் இழந்ததால் வந்த துரு அங்கங்கே என்றால் இது பயன்படும். உப்பினால் வந்த துருவாக இருந்தால் ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி மறுபடி துரு கிளம்பும். ஓட்டில் பத்தை மாற்றினால் பத்தோடு போயிற்று. இங்கே அப்படி முடிவதில்லை. மேலே வாட்டர் புரூஃப் பூசினால் ஒழுகல் நிற்கும், ஏற்கெனவே பிடித்த துரு திரும்பிப் போகாது.

அடுக்ககத்தில் உச்சித்தளம் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கூரை உங்கள் தலைக்குமேல், ஆனால் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. பழுதுச் செலவைச் சங்கம் ஏற்கிறதா, கீழ்த்தளத்தார் "எங்களுக்கென்ன" என்கிறார்களா என்று சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டை வாங்கிப் படித்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட பகுதி எதிலிருந்தாலும் அதற்கு விலை வைக்காதீர்கள். உடைத்தாலும் அறுத்தாலும் வரும் தூசி புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியான செய்தி. கழற்றுவதானால் நனைத்து, முழுத் தகடாக இறக்கவேண்டும்.

ஆக, உடனே குடிபோக வேண்டும், கையில் பணம் குறைவு என்றால் மரம் நன்றாக இருக்கும் ஓட்டு வீடு. ஆனால் வங்கிக் கடனை நம்பியிருந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மதிப்பீட்டாளர்கள் பழைய ஓட்டுக் கட்டடத்துக்குப் பெரும்பாலும் சொற்ப மதிப்பே போடுவார்கள், கடன் மனை அளவோடு நின்றுவிடும். நீண்டநாள் வாழப்போகிற வீடு, பராமரிக்கப் பொறுமையும் ஆள் தொடர்பும் உண்டு என்றால் முனை உலர்ந்த மெட்ராஸ் டெரஸ். மாடி எழுப்பியே ஆகவேண்டும் என்றால் கான்கிரீட் வீடுதான். கட்டட வரைபடமும் சோதனை முடிவும் கையில் இருந்தால் மட்டும். எதுவும் தெரியாமல் வெள்ளையடித்த கான்கிரீட்டுக்கும் அங்கங்கே வெளிச்சம் தெரியும் ஓட்டுக்கும் நடுவில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஓட்டை எடுப்பேன்.

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் வீடு பார்க்க முடிந்தால் கூரையே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். கன்னியாகுமரி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலிலும் பார்க்கலாம். கோடையில் பார்க்க நேர்ந்தால், கான்கிரீட் தளத்தின் தண்ணீர்த் தூம்புகளை அடைத்து இரண்டு அங்குலம் நீர் நிறுத்தி இரண்டு இரவு விட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். விதானத்தில் ஏற்கெனவே உள்ள கறைகளின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டால், புதிதாக விரிந்தது தெரியும். தட்டிப் பார்த்ததில் பொள்ளல் அதிகமாக இருந்த தளத்தில் இதைச் செய்யாதீர்கள். மெட்ராஸ் டெரஸில் ஒருபோதும் கூடாது.

கண்டுபிடித்த பழுதுகளைக் கிரய ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். விற்பவரே நல்லெண்ணத்தோடு "நானே சரிசெய்து தந்துவிடுகிறேன்" என்றால் நன்றி சொல்லி மறுத்துவிட்டு, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அவர் அழைத்துவரும் கொத்தனார் கிரயத் தேதிக்குள் காயக்கூடிய வேலையை மட்டும்தான் செய்வார்.